தொழுவம் இருந்த இடம்

பங்குனி பிறந்தால் ஏழாயிரம்பண்ணையில் காலை ஒன்பது மணிக்கே வெறுங்காலோடு தெருவில் இறங்க முடியாது. சாத்தூர்ப் பக்கமிருந்து வெம்பக்கோட்டை வரைக்கும் கரிசல். சீமைக் கருவேலத்தை விட்டால் ஒதுங்க நிழல் அபூர்வம். இந்த வெயிலை நன்றாகத் தெரிந்தவர்கள் கட்டியவைதான் எங்கள் ஊரின் பழைய வீடுகள். சுவர் இரண்டடிக் கனம். ஜன்னல் என்று இருப்பது தலை நுழையாத ஒரு துவாரம். மண்ணும் சுக்கான் கல்லும் வைத்து எழுப்பிய சுவரில் அகலமாகத் திறப்பு விட்டால் மேலே தாங்க நல்ல உத்திரம் வேண்டும். சம்சாரி வீட்டுக்குக் கிடைத்தது பனங்கட்டையும் வேப்பங்கட்டையும்தான். வெயிலுக்குப் பயம், கட்டைக்குப் பஞ்சம். வீட்டுக்குள் குளுமை இருந்தது, வெளிச்சம் இல்லை.

எங்கள் தாத்தா கட்டிய வீடு தெற்குப் பார்த்தது. திண்ணை, பட்டாசல், உள்வீடு, அடுக்களை, அடுக்களைக்குப் பின்னால் வடக்கே மாட்டுத் தொழுவம். பட்டாசல் கூரையில் சீமை ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக விழுகிற வெளிச்சம் காலையில் மேற்குச் சுவரில் இருக்கும். உச்சிப்பொழுதில் நடுத்தரைக்கு வரும். சாயங்காலம் கிழக்கே குலுக்கையின் மேல் ஏறி மறைந்துவிடும். அது நகர நகர அம்மாவும் கூடவே நகர்வாள், மடியில் பசைத் தட்டோடு.

1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், நான் பிறப்பதற்குள் சுற்று வட்டாரத்துத் திண்ணைகள் வரை வந்து சேர்ந்திருந்தது. தீப்பெட்டி ஆபீசிலிருந்து சில்லும் தாளும் வரும். வீட்டில் பசை காய்ச்சிப் பெட்டி ஒட்டிக் கொடுக்க வேண்டும். 144 பெட்டி ஒரு குரோசு. கூலி குரோசுக் கணக்கில். இருட்டில் ஒட்டினால் மடிப்பு கோணும்; கோணிய பெட்டியைக் கணக்கப்பிள்ளை கழித்துவிடுவார். எங்கள் வீட்டில் வெளிச்சத்தை யாரும் அழகென்று பேசிக் கேட்டதில்லை. அது கூலி. ஒரு மேகம் வந்து மூடினால் அரைக் குரோசு போச்சு என்று அத்தை அலுத்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் தம்பியும் ஒட்டினோம். எங்களோடு படித்திருக்க வேண்டிய பிள்ளைகள் பலரை விடியுமுன்னே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வேன் நிற்க மேலும் பல வருஷம் பிடித்தது. அந்தப் பிள்ளைகளும் இருட்டில் போய் இருட்டில்தான் திரும்பினார்கள்.

அப்பாவின் பாடு வேறு. அவர் பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து அடைக்கிற அறைக்குள் மின்விளக்கு கிடையாது. ஒரு பொறி போதும் எல்லாம் போக. பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் வேலை, பொழுது சாய்ந்தால் பூட்டிவிட வேண்டும். அறைகள் சின்னச் சின்னதாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. எதிரெதிரே வாசல், கதவு வெளிப்பக்கம் திறக்கும், வாசற்படியில் எந்தச் சாமானும் கிடக்கக் கூடாது. பட்டாசுத் தொழிலின் விதிகளில் உயிரைக் காப்பவை இவைதான் என்று அப்பா சொல்வார். பகலெல்லாம் அப்படி நாலு பக்கமும் வெளிச்சம் வருகிற அறைகளில் நின்றுவிட்டு, ராத்திரி எங்கள் இருட்டுப் பட்டாசலுக்கு வருவார். சாப்பிட உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார்.

2018-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தோம். எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில், எங்களைப் போலவே கரிசலில் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. கட்டுப் பிரித்து ஊருக்குக் கூட்டிவந்த அன்று அம்மா பட்டாசலில் நின்று சுற்றிலும் பார்த்தாள். "கண்ணு தெளிஞ்சுருச்சு தாயி. இப்பத்தான் வீடு இம்புட்டு இருட்டுன்னே தெரியுது" என்றாள். திண்ணைக்கு வந்தாலோ வெயில் கூசிக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். உள்ளே போதாது, வெளியே தாங்காது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் அம்மாவுக்கு வேண்டியிருந்தது. வீட்டை விரிவாக்குகிற யோசனை எனக்கு வந்தது அதனால்தான்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலாக, இடித்துவிட்டு மொத்தமாகக் கட்டு என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தாத்தா வீடு என்கிற பாசத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வீடு தன் வேலையைச் சரியாகச் செய்கிற வீடு. சித்திரை மதியத்தில் எங்கள் தெருவின் காங்கிரீட் வீடுகளில் காற்றாடி அனலை வீசும். தளம் பகலில் குடித்த சூட்டை ராத்திரி வரைக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். பட்டாசலில் பாய் போட்டுப் படுத்தால் தூக்கம் வரும். இரண்டடிச் சுவரும் ஓட்டின் இடுக்குகளும் செய்கிற உபகாரம் அது. அதை இடித்துவிட்டுக் குளிர்சாதனம் வாங்குவது எந்த விதத்தில் முன்னேற்றம்? எங்கள் வீட்டுக்குக் குறை ஒன்றுதான், வெளிச்சம். தொழுவத்தில் மாடு கட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த இடம் போதும் என்று முடிவு செய்தேன்.

அந்த வருஷம் அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத்தின் பட்டாசுத் தீர்ப்பு வந்தது. பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் உப்பு கூடாது. நவம்பரில் ஆலைகளை மூடினார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. தம்பி வீட்டில் இருந்தான். திரி வெட்டுகிற பெண்களும் பேப்பர் குழாய் உருட்டுகிறவர்களும் எந்த வேலையென்றாலும் பரவாயில்லை என்று அலைந்தார்கள். என் சேமிப்பில் வேலையைத் தொடங்கியபோது சித்தாளாக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான். மருந்து படிந்து படிந்து வெள்ளி நிறமேறிய நகங்களோடு செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள்.

தம்பியின் சிநேகிதர், சிவகாசிப் பிள்ளை, பொறியியல் படித்தவர், முதலில் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வந்தார். தொழுவம் இருந்த இடத்தில் ஒரு பெரிய அறை, மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, சத்தம் வந்தா இது என்னாகும்?"

சத்தம் என்றால் எங்கள் பக்கத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன வெடிவிபத்தை அந்தப் பிள்ளையும் அறிந்தவர்தான். வெடித்தால் அதிர்வு ஊர்களைத் தாண்டி வரும். ஜன்னல்கள்தான் முதலில் போகும். அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்கய்யா, எப்படி வேணும்" என்றார். உண்மையான வரைபடம் அங்கேதான் தொடங்கியது.

அப்பா கேட்டவை இரண்டு. அறைக்கு எதிரெதிரே இரண்டு வாசல், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கண்ணாடி எங்கே வைத்தாலும் ஒரு சில்லு உள்ளங்கை இரண்டை விரித்த அளவைத் தாண்டக் கூடாது. உள்பக்கம் கம்பி வலை வேண்டும். ஆயுசு முழுக்க ஆலையில் கற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்து மண் பேசியது. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதன்மேல் வைக்கிற கட்டடத்தை வருஷா வருஷம் தூக்கித் தூக்கி இறக்கும். இந்த மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அடித்தள முறை ஒன்று உண்டு. ஆழமாகத் துளை போட்டு, அடியில் மட்டும் குமிழாக அகலப்படுத்திக் காங்கிரீட் நிரப்புவது. மேல்மண் என்ன ஆட்டம் போட்டாலும் ஈரம் மாறாத கீழ்மண்ணில் குமிழ் பிடித்துக்கொண்டு நிற்கும். பொறியாளர் அதைச் செய்யலாம் என்றார், செய்தோம். ஆனால் புது அறையைப் பழைய வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டுவதாகத்தான் அவர் திட்டம். எங்கள் கொத்தனார் குறுக்கே விழுந்து தடுத்தார். அறுபதைத் தாண்டியவர், திருவனந்தபுரத்தில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். "பழசு எறங்க வேண்டியது எல்லாம் எறங்கி முடிச்சுருச்சு அண்ணாச்சி. புதுசு நிக்குற நெலம் வேற, நிக்குற விதம் வேற. ரெண்டையும் கட்டிப்போட்டா ஒண்ணு இன்னொண்ண இழுத்துப் பிளந்துரும். தள்ளி நிக்கட்டும்" என்றார்.

தள்ளி நிற்கட்டும் என்று விட்ட அந்த எட்டடி இடைவெளிதான் எங்கள் வீட்டின் முற்றம் ஆனது. மேலே வானம், கீழே கல் பாவிய தரை. ஓரமாக ஒரு நடை. அதன் கூரை புது அறையின் மேல் மட்டும் நிற்கிறது, பழைய சுவரைத் தொடவில்லை. வெளிச்சத்துக்கு என்று நாங்கள் திட்டம் போட்டதைவிட, மண்ணுக்குப் பயந்து விட்ட இந்த வெளியால் வந்த வெளிச்சம் அதிகம். அடுக்களையின் வடக்குச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்தவுடன் முற்றத்து வெளிச்சம் அடுக்களைக்குள் வந்து, அங்கிருந்து பட்டாசல் வரை எட்டிப் பார்த்தது.

கொழும்பில் பகத்தலை வீதியை ஒட்டிய 33-ஆம் ஒழுங்கையில், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த 11-ஆம் எண் வீட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில் 1950-களின் கடைசியில் குடியேறி, பத்து வருஷ காலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்து நான்கையும் ஒரே வீடாக்கினார். நீளமான வெள்ளை நடைகள். எதிர்பாராத இடங்களில் வானம் திறந்த சின்னச் சின்ன வெளிகள், அவற்றிலிருந்து வழிகிற வெளிச்சம். வெயில் எங்குமே மேலே விழாது. அவர் பெரிய கலைஞர், செல்வர். எங்கள் வீட்டை அதோடு வைத்துப் பேச நான் துணிய மாட்டேன். ஆனாலும் பழைய வீட்டை உடைக்காமல் அதன் நடுவில் வானத்தைத் திறந்துவிட்டாலே போதும் என்பதை நான் கண்ணால் கண்டது அங்கேதான். கொத்தனார் சொன்னதும் நான் சட்டென்று ஒப்புக்கொண்டதற்கு அந்த வீடும் ஒரு காரணம்.

சூரியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்தால் நேர் வெயில் வராது என்று புத்தகங்கள் எழுதும். அது வட நாடுகளுக்குச் சரி. ஏழாயிரம்பண்ணை நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகை சொச்சம் வடக்கே இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணி நடுவில்தான் மறுபடி தலைக்கு மேலே திரும்பும். ஆனி முதல் வாரத்தில் மதியச் சூரியன் உச்சிக்கு 14 பாகை வடக்கே நிற்கும். அதாவது எங்கள் கொடுங்கோடையில் வெயில் வடக்கிலிருந்து வரும். கூரையின் இறவாரத்தை வடக்கேயும் நீட்டவில்லையென்றால் வைத்த ஜன்னல் அத்தனையும் வினை. பொறியாளர் கணினியில் நிழல் போட்டுக் காட்டினார். அப்பா முற்றத்தில் ஒரு கம்பை நட்டு நிழலைக் கரிக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இறவாரத்தை மூன்றடி நீட்டினோம்.

மேற்குச் சுவரில் ஒரு திறப்பும் இல்லை. ஆனி ஆடியில் மேல்காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும், சாயங்கால வெயிலும் அந்தப் பக்கம்தான். அங்கே குளியலறையும் சாமான் அறையும். கிழக்கே செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டு அடுக்கிய சாளரச் சுவர். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வேரூன்றி 2007-ல் மறைந்த லாரி பேக்கரால் கேரளமெங்கும் பரவிய வேலை அது. செங்கலைக் குத்துக்கட்டாக நிறுத்தி நடுவில் காற்றுக்கு இடம் விட்டுச் சுவர் எழுப்புவதையும் கொத்தனார் அங்கேதான் கற்றிருந்தார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். செங்கல் ஏறத்தாழ கால்வாசி மிச்சமாகும், சுவருக்குள் அடைபட்ட காற்று சூட்டையும் தடுக்கும். தொழுவத்துக் கூரையிலிருந்து இறக்கிய சீமை ஓடுகளைப் புதுத் தளத்தின் அடிப்பாதியில் பதித்தோம். அங்கே காங்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லாததால் ஓடு அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். சிமென்ட் குறையும், தளத்தின் சூடும் குறையும். அண்ணாந்து பார்த்தால் தாத்தா வாங்கிப் போட்ட ஓடுகள் வரிசையாகத் தெரியும்.

தளத்தின் நடுவில், கூரைக்கு மேல் ஒரு சின்னக் கூரை. நாலு பக்கமும் மூன்றடி உயரத்துக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள் வைத்த மரச்சட்டங்கள், அவற்றுக்கு மேல் சூடு வெளியேற வழி. பட்டாசலின் ஒற்றைக் கண்ணாடி ஓட்டுக்குப் பேத்தி என்று அம்மா அதைச் சொல்கிறாள். வெளிச்சம் அதன் வழியாகச் சுவர்களில் பட்டுத்தான் கீழே இறங்கும், நேராக யார் தலையிலும் விழாது. அம்மாவின் கண்ணுக்காகத் தரைக்குப் பளபளக்கிற டைல்ஸ் வேண்டாமென்று ரெட் ஆக்சைடு போட்டோம். சுவருக்குச் சுண்ணாம்பு. வெயில் உச்சத்தில் இருக்கும்போதும் அந்த அறையில் கண் கூசாது, அரிசியில் கல் பொறுக்கலாம்.

பழைய வீட்டின் சுவரையும் அப்போதே சரி செய்தோம். எங்கள் ஊரில் பலரும் செய்ததுபோல வெளிச்சுவர்களில் என்றோ சிமென்ட் பூசியிருந்தார்கள். மண்சுவர் ஈரத்தை இழுக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். சிமென்ட் அதன் மூச்சை அடைத்துவிடும். உள்ளே நின்ற ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக வீங்கியிருந்தது. கொத்தனார் அத்தனையையும் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துக் குழைத்துப் பூசினார். மெதுவான வேலை. கூலி கொடுத்தவள் நான், அந்த மெதுவுக்குக் கொடுத்த காசில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை என்று சொல்வேன். பல மழைக்காலம் போய்விட்டது, சுவர் அப்படியே காய்ந்து நிற்கிறது.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மதியம், பக்கத்து அச்சங்குளத்தில் வெடித்தது. பழைய வீட்டில் ஓடுகள் சில சரிந்தன. புது அறையில் சட்டங்கள் கடகடத்தன. ஒரு சில்லும் விழவில்லை. அப்பா வெளிவாசலில் போய் நின்று திசையைப் பார்த்தார். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தச் சாவுகளுக்கு முன்னால் ஒரு வீட்டின் கண்ணாடி தப்பியது பெரிய சேதி இல்லை. ஆனால் ஆலைகள் சூழ்ந்த எங்கள் ஊர்களில் வீடு வரைகிறவர்கள், பள்ளிக்கூடம் வரைகிறவர்கள், இந்த அதிர்வையும் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். அதைவிட முதலாவது, ஒரு அறைக்கு இத்தனை பேர் என்றால் இத்தனை பேர்தான் இருக்க வேண்டும். அப்பா ஆயுசு முழுக்கச் சொன்னது இதைத்தான். விதியை எழுதியது சாவைப் பார்த்தவர்கள். அதை மீறுகிற ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய தாய் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது யாரும் வீட்டில் பெட்டி ஒட்டுவதில்லை, எந்திரம் வந்துவிட்டது. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து புது அறையில் உட்காருகிறார்கள். பொழுது அடங்குகிற வரைக்கும் விளக்குப் போட வேண்டியதில்லை. ராத்திரி நாங்கள் எல்லாரும் படுப்பது பழைய பட்டாசலில்தான்.

கரிசல் பக்கத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடிக்கப் பொக்லைனைக் கூப்பிடுவதற்கு முன், வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று அளந்து பாருங்கள். மண்சுவரில் சிமென்ட் பூசாதீர்கள், புதுச் சுவரைப் பழைய சுவரில் ஒட்டாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயதாகிவிட்டது, அவர்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை. கூப்பிடுவதானால் இப்போதே கூப்பிடுங்கள்.